எங்கள் வீட்டுக் காசு

உசுலுத்தான்
பிப்ரவரி 12, 2006

அன்புத் தங்கை நொஎமிக்கு,

அக்கா எர்சிலியா எழுதுவது. கடவுள் தயவில் நான் சுகமாக இருக்கிறேன். படியேறினால் மட்டும் முழங்கால் முணுமுணுக்கிறது. உனக்கு அந்த இருமல் விட்டதா? பள்ளிக்கூடத் தரை துடைக்கும் மருந்துத் தண்ணீரின் நெடிதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்.

நீ கொடுத்தனுப்பிய பொட்டலத்தை தோன் எலிசெயோ செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து கொடுத்தார். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து இங்கே வரும் மற்ற பார்சல்காரர்கள் பாதியை வழியிலேயே தொலைத்துவிடுவார்கள். அவர் அப்படியில்லை. உங்கள் நூலகம் கழித்துப்போட்ட படப்புத்தகங்கள் எல்லாம் மடங்காமல் வந்து சேர்ந்தன. ஆங்கில வரிகள்மேல் நம் மொழியில் எழுதிய துண்டுக் காகிதத்தை எத்தனை பொறுமையாக ஒட்டியிருக்கிறாய். எழுத்துப்பிழைகளைப் பென்சிலால் திருத்திவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

முட்டை விற்கும் கோழியின் கதைதான் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. கோழி வரும் காசை மூன்று டப்பாவில் போடுகிறதே, செலவுக்கு ஒன்று, சேமிப்புக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று. படத்தைக் காட்டி, கையில் நிஜமான கால் டாலர் கோராக் காசுகளையும் கொடுத்து எண்ணவைத்தேன். ஐந்து வயதுப் பிள்ளைகள் மளிகைக்கடைக்காரர்கள் போல உட்கார்ந்து எண்ணினார்கள்.

மூலையில் புபூசா ரொட்டி சுட்டு விற்கும் ரெய்னாவின் மகள் தாமாரிஸ், எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்கிற பெண், கையைத் தூக்கினாள். "டீச்சர், இன்னொரு டப்பா எங்க? வெள்ளிக்கிழமைக்கு எடுத்து வெக்கிறது?" என்றாள். மற்ற பிள்ளைகளும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள். மற்றவை அடுத்த கடிதத்தில்.

உன் அக்கா,
எர்சிலியா


லாஸ் ஏஞ்சல்ஸ்
மார்ச் 5, 2006

என் அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. பல்வலி வந்திருக்கிறது. ஒன்று போனால் ஒன்று வர வேண்டும் என்று என் உடம்புக்கு யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள். உன் முழங்காலுக்கு ஒரு களிம்பு வைத்திருக்கிறேன், இரவில் தேய். பக்கத்து வீட்டுக்காரிக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதே.

என் எழுத்துப்பிழையைப் பிள்ளைகள் முன்னால் திருத்தினாயா, தனியாகத் திருத்தினாயா? அதை மட்டும் சொல்.

வெள்ளிக்கிழமை டப்பா என்று அந்தப் பெண் சொன்னதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். சீட்டுப் பணமா? நம் சின்ன வயதில் தவணைக்குத் துணி விற்றவர் வெள்ளிக்கிழமைதோறும் வருவாரே, அம்மா நம்மைக் கட்டிலுக்குக் கீழே ஒளியச் சொல்லிவிட்டுத் தானும் வந்து ஒளிவாளே, அந்த மாதிரியா?

நூலகத்து அம்மாள் மிஸ் ஹார்லனிடம் இதைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி, கை அசைவில் பாதி. அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அமெரிக்கக் கோழியை விடு, பிள்ளைகள் தங்கள் வீட்டையே வரையட்டும் என்கிறாள். காசு எங்கிருந்து வருகிறது, எங்கே இருக்கிறது, எங்கே போகிறது, அவ்வளவுதான். நல்ல யோசனையாக எனக்கும் பட்டது. ஆளுக்கொரு பெட்டி வண்ணக்கட்டி அனுப்பியிருக்கிறேன். முடிந்ததும் எனக்குக் காட்ட வேண்டும், அக்கா. இங்கே நான் பார்ப்பதெல்லாம் தரைதான்.

முத்தங்களுடன்,
நொஎமி


உசுலுத்தான்
ஏப்ரல் 2, 2006

அன்பு நொஎமிக்கு,

நான் நலம். களிம்பு நன்றாகக் கேட்கிறது. உன் பல்லைச் சீக்கிரம் மருத்துவரிடம் காட்டிவிடு, நாளைக் கடத்தாதே. பிழைகளைத் தனியாகத்தான் திருத்தினேன்.

பிள்ளைகள் ஒரு வாரம் முழுக்க வரைந்தார்கள். பக்கங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தாமாரிஸ் தன் அம்மாவை அடுப்புக்கு முன்னால் வரைந்திருக்கிறாள், பார். அடுப்புக் கல்லுக்கு அடியில் கட்டம் கட்டி, அதற்குள் தகர டப்பா. "அதுல கூரைத் தகடு இருக்கு டீச்சர்" என்றாள். கூரைக்குச் சேர்க்கும் காசு என்று அர்த்தம். எடெனில்சன் வரைந்தது அரிசிப் பானை. ஹூஸ்டனிலிருந்து அவன் அப்பா அனுப்பும் பச்சை நோட்டுகள் அரிசிக்குள்ளிருந்து கீரை போல எட்டிப் பார்க்கின்றன. ஒருத்தி மாதா படத்துக்குப் பின்னால் காசு வரைந்திருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்தது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. அது மட்டும் எனக்குச் சந்தோஷம்.

எல்லாப் பக்கத்திலும் ஓரத்தில் சைக்கிளும் சிவப்புத் தொப்பியும் வைத்த ஓர் ஆள் இருப்பான். நான் வரையச் சொல்லவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் வரையவும் இல்லை. அவனைப் பற்றி என்னிடம் கேட்காதே.

இவற்றைச் சுவரில் ஒட்ட முடியாது, கிழிக்கவும் எனக்குக் கை வரவில்லை. நீயே வைத்துக்கொள். நீ பார்த்து ரசி, அதோடு போகட்டும். உறையை ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் வழியில் எத்தனை கை படுமோ, அதனால் இதற்குமேல் எழுதவில்லை.

உன் அக்கா,
எர்சிலியா


லாஸ் ஏஞ்சல்ஸ்
ஏப்ரல் 29, 2006

என் அக்காவுக்கு,

நலம், நலம், நலம். பல் பிடுங்க மருத்துவர் கேட்ட தொகையைக் கேட்டதும் வலி தானே குறைந்துவிட்டது.

இத்துடன் அனுப்பிய பெட்டியைத் திறந்தாயா? திறக்காவிட்டால் இதைக் கீழே வைத்துவிட்டுத் திற. மிஸ் ஹார்லன் அந்தப் படங்களைப் பார்த்து அழுதேவிட்டாள். ஒரு மாலை முழுக்க என்னோடு நின்று கலரில் பிரதியெடுத்து, தைத்து, கெட்டி அட்டை போட்டுக் கொடுத்தாள். 'எங்கள் வீட்டுக் காசு' என்று தலைப்பு வைத்தது நான். எழுத்துப்பிழை இல்லை, மூன்று பேரிடம் காட்டிவிட்டேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே வரைந்த பிள்ளையின் பெயரும் இருக்கிறது.

இதோடு விடவில்லை. பிள்ளைக்கு ஒரு புத்தகம் என்று தனித்தனியாகப் பெயர் எழுதிக் கட்டியிருக்கிறேன். அன்னையர் தினத்தன்று வீடுவீடாகக் கொடுத்துவிடச் சொல்லி தோன் எலிசெயோவிடம் தனியாகக் காசும் கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கு வரச் சொன்னால் பாதி அம்மாக்களுக்கு அடுப்பை விட்டு வர முடியாது, எனக்குத் தெரியாதா?

அந்தச் சிவப்புத் தொப்பிக்காரன் யார் என்று நீ சொல்ல மறுப்பதைப் பார்த்தால், டீச்சரைச் சுற்றி வருகிறவன் போலிருக்கிறது. நான் கேட்கவில்லை. ஆனால் அட்டையில் அவனைத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறேன். எல்லாரும் வரைந்த ஒரே ஆள் அவன்தானே.

அன்னையர் தின முத்தம் உனக்கும். இத்தனை பிள்ளைகளுக்கு நீயும் ஒரு அம்மாதான்.

நொஎமி


உசுலுத்தான்
மே 11, 2006

நொஎமிக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

புத்தகங்கள் வந்தன. தோன் எலிசெயோ என்னிடம் வருவதற்கு முன்பே தெருவில் கொடுத்துவிட்டார். நான் பின்னாலேயே போய் ஒவ்வொரு வீட்டிலும் திரும்ப வாங்கினேன். அச்சில் தவறு இருக்கிறது என்று சொன்னேன். பிள்ளைகள் அழுதார்கள். அம்மாக்கள் ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிட்டார்கள்.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை.

இனிமேல் எதுவும் அனுப்பாதே. கடைக்குப் போன் செய்து என்னைக் கூப்பிடச் சொல்லாதே.

எர்சிலியா


லாஸ் ஏஞ்சல்ஸ்
ஜூன் 4, 2006

அக்கா,

உன் கடிதத்தில் என்னை 'அன்பு' என்று எழுதவில்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

தோன் எலிசெயோ இந்த மாதம் வந்தபோது வண்டி நிறுத்துமிடத்தில் வைத்து, அந்த வெள்ளிக்கிழமைக் காசு என்ன என்று அவரைக் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஊர்ல அதுக்கு வாடகைன்னு பேரும்மா" என்றார்.

"சொந்த வீட்டுக்கு எதுக்கு வாடகை?" என்றேன்.

"உசுரோட இருக்கிறதுக்கு."

புபூசா கடை, மளிகைக் கடை, பஸ் ஓட்டுகிறவர், எல்லாரும் வெள்ளிக்கிழமை கொடுக்கிறார்களாம். வசூலுக்கு வருகிறவனுக்குச் சிவப்புத் தொப்பியாம். பத்து வருஷம் முன்னால் நான் கிளம்பியபோது அந்தத் தெருவில் திருடு போவதென்றால் கோழிதான் போகும். நான் அந்த ஊரைத்தான் மனதில் வைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்து எழுதியிருக்கிறேன். அவன் முகத்தை அட்டையில் போட்டேன்.

அவன் கோபப்பட்டானா? உன்னை ஏதாவது செய்தானா? அவன் பெயர் எங்கேயும் இல்லை, அக்கா, பிள்ளைகள் கிறுக்கியது, தொப்பியும் சைக்கிளும்தானே. எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டுமாவது எழுது.

நொஎமி


உசுலுத்தான்
ஜூன் 25, 2006

அன்பு நொஎமிக்கு,

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தச் சொல் விட்டுப்போனது அவசரத்தில். உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை தோன் எலிசெயோ சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார், அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

மே மாதக் கடைசியில் அவன் பள்ளிக்கு வந்தான். பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலி ஒன்றில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவன் என்னிடம் படித்தவன். அந்த ஜன்னலோர நாற்காலிதான் அவன் உட்கார்ந்த இடம். மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும், கெட்டிக்காரப் பிள்ளை.

கையில் புத்தகம் இருந்தது. அட்டையை என் பக்கம் திருப்பினான்.

"டீச்சர், நான் இவ்வளவு குண்டாவா இருக்கேன்?"

பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது, வரையச் சொன்னது நான், கோபம் என்மேல் இருக்கட்டும் என்று எப்படியோ சொன்னேன்.

"எதுக்கு டீச்சர் கோபம்? என்னை யாரும் இதுவரைக்கும் வரைஞ்சதில்ல. இத நான் வெச்சுக்கிறேன்" என்று சிரித்தான். போகும்போது நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டுப் போனான், நான் கற்றுக்கொடுத்தபடியே. கதவைச் சாத்திவிட்டு நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன், நொஎமி. அவ்வளவு முட்டாளாக இருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் ரெய்னாவின் கடைக்குப் போய் வழக்கமான காசோடு விடவில்லை. அடுப்புக் கல்லைக் காலால் தட்டி, "இதுக்கு அடியில இருக்கிறதையும் சேத்துக் குடு" என்றிருக்கிறான். எடெனில்சன் வீட்டில் அரிசிப் பானையைக் கவிழ்க்கச் சொல்லி, ஹூஸ்டன் பணத்தில் பாதி இனிமேல் தனக்கு என்றிருக்கிறான். மாதா படத்தைக்கூடத் திருப்பிப் பார்த்திருக்கிறான். பக்கம் பக்கமாகப் போயிருக்கிறான்.

நாம் இருவரும் அட்டையில் இருந்த முகத்துக்குத்தான் பயந்தோம். உள்ளே இருந்ததை அவன்தான் படித்தான்.

யாரும் என்னைத் திட்டவில்லை. பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். ரெய்னா மட்டும் ஒருநாள் வந்து வாசலில் நின்றாள். வாயில் வந்ததைச் சொல்லித் திட்டு என்றேன். "என்னன்னு திட்டுறது டீச்சர்? எம் பொண்ணு வரைஞ்சதுல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் சரியா இருக்கு. அதான் தாங்கல" என்றாள்.

காலி நாற்காலிகளைத் தினமும் துடைத்து வைக்கிறேன்.

உன் அக்கா,
எர்சிலியா


லாஸ் ஏஞ்சல்ஸ்
ஆகஸ்ட் 20, 2006

அன்பு அக்காவுக்கு,

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஜூலையில் எழுதியதற்குப் பதில் இல்லை. தோன் எலிசெயோ சீஸ் மட்டும் கொண்டுவந்தார். டீச்சர் ஒன்றும் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். ஆனால் பள்ளியில் பிள்ளைகள் பாடுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது, எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்றார். நல்லதுதானே என்றேன். அவர் அடுத்த பெட்டியை இறக்கப் போய்விட்டார்.

எப்படி வந்தார்கள், அக்கா? யார் சொல்லி வந்தார்கள்?

பல்லுக்கு வைத்திருந்த பணமும் கையிலிருந்ததும் சேர்த்து, ரெய்னாவுக்காக அனுப்புகிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை வரவில்லை. அவள் விருப்பம்போல் செலவு செய்யட்டும், கூரையோ, வழிச்செலவோ. நீயும் கிளம்பி வருவதானால் என் கட்டிலில் பாதி உனக்கு. மிஸ் ஹார்லன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளைகளுக்குப் புத்தகம் பிடித்ததா என்று கேட்கிறாள். ரொம்பப் பிடித்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நொஎமி


உசுலுத்தான்
செப்டம்பர் 17, 2006

அன்பு நொஎமிக்கு,

இதை ரெய்னா பைக்குள் துணியோடு வைத்துத் தைத்துக் கொண்டுவருகிறாள். இதை நீ படிக்கும்போது அவளும் தாமாரிஸும் உன் எதிரில் இருக்க வேண்டும். முதலில் அவர்களுக்குச் சாப்பிட ஏதாவது கொடு. பிறகு படி.

பிள்ளைகள் திரும்பி வந்தது அவன் சொல்லித்தான். வீடுவீடாகப் போய், படிப்பைக் கெடுக்காதீர்கள், டீச்சரிடம் அனுப்புங்கள் என்றிருக்கிறான். அன்றைக்கே பள்ளிக்கு ஒரு கட்டுக் காகிதமும் புது வண்ணக்கட்டிகளும் வந்தன. நீ அனுப்பியதைவிட உயர்ந்த ரகம்.

"சுதந்திர தினத்துக்குள்ள இன்னொரு புத்தகம் போடுங்க டீச்சர். வருஷத்துக்கு ஒண்ணு போடலாம். புள்ளைங்க பொய் சொல்லாது" என்றான்.

பள்ளியைப் பூட்டிவிட்டு ஓடலாம் என்று நினைத்தேன். பூட்டினால் காகிதத்தோடு அவன் நேரே வீடுகளுக்குப் போய் உட்கார்ந்துவிடுவான். அதனால் வகுப்பெடுத்தேன். இத்தனை வருஷம் கண்ணில் பட்டதை அப்படியே வரை என்று சொல்லிக்கொடுத்தவள், குறைத்து வரையச் சொல்லிக்கொடுத்தேன். அரிசிப் பானையில் அரிசி மட்டும். அடுப்பில் நெருப்பு மட்டும். ஹூஸ்டன் அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன், வீட்டில் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று. ஒன்றும் இல்லை என்று தடுமாறாமல் சொல்லும்வரை திரும்பத் திரும்பக் கேட்டேன். சரியாகச் சொன்னால் கன்னத்தில் தட்டிக் கொடுத்தேன்.

தாமாரிஸ்தான் கஷ்டப்பட்டாள். "அப்போ இது பொய்யா டீச்சர்?" என்றாள். "விளையாட்டு" என்றேன். "யார் ஜெயிப்பா?" என்றாள்.

முந்தாநாள் சுதந்திர தினம், வெள்ளிக்கிழமை. ஊர்வலம் முடிந்து, நீல வெள்ளைக் கொடியோடு பிள்ளைகள் வகுப்பில் இருந்தபோதே வந்தான். புத்தகத்தை அதே நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தான். "ஊரே ஏழையாயிடுச்சே டீச்சர்" என்றான். அப்புறம் தாமாரிஸைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு தேங்காய் மிட்டாயை உரித்துக் கொடுத்தான்.

"உங்கம்மா டப்பாவை இப்ப எங்க வெக்கிறாங்க, கண்ணு?"

அவள் மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு, அவன் கண்ணைப் பார்த்தாள். "எங்க வீட்டுல டப்பாவே இல்லியே" என்றாள். இமைக்கவில்லை. சிரித்தாள்கூட. நீ அனுப்பிய பணம் அந்த நேரம் அந்தத் தகர டப்பாவில்தான், விறகுக்குள் இருந்தது. அவளுக்கே அது தெரியும்.

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவனும் பார்த்தான்.

அவளை மெதுவாக இறக்கிவிட்டு எழுந்தான். நாற்காலியை இந்த முறை உள்ளே தள்ளவில்லை. "நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க டீச்சர்" என்றான். அவ்வளவுதான். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான்.

நாளை விடியும் முன் ரெய்னா கிளம்புகிறாள். வழியில் அவளோடு போகிறவர்கள் நம்பிக்கையானவர்கள் என்று சொல்கிறார்கள். நான் வழக்கம்போல் பள்ளியைத் திறப்பேன். தாமாரிஸ் எங்கே என்று கேட்டால் காய்ச்சல் என்பேன். இரண்டு வாரக் காய்ச்சல் நம்பும்படிதான் இருக்கும். அவர்கள் எல்லையைத் தாண்ட அது போதும்.

அவளுக்கு வரைய ரொம்பப் பிடிக்கும். காகிதம் வாங்கிக் கொடு. என்ன வரைகிறாள் என்று எட்டிப் பார்க்காதே.

என் முழங்கால் தேவலை. உன் பல்லைக் கவனி.

உன் அக்கா,
எர்சிலியா


லாஸ் ஏஞ்சல்ஸ்
அக்டோபர் 29, 2006

அன்பு அக்காவுக்கு,

வந்துவிட்டார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரெய்னாவின் காலெல்லாம் புண், தாமாரிஸுக்கு வழியில் நிஜமாகவே காய்ச்சல், இப்போது இரண்டுமே ஆறிவிட்டன. நீ சொன்னபடி முதலில் சோறும் பீன்ஸும் கொடுத்தேன், பிறகுதான் பையைப் பிரித்தோம். ரெய்னா என்னோடு தரை துடைக்க வருகிறாள். என்னைவிட வேகம், எனக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் போலிருக்கிறது. தாமாரிஸ் சமையலறை மேசையில் வரைகிறாள். நான் எட்டிப் பார்ப்பதில்லை. டீச்சர் எப்போ வருவாங்க என்று கேட்டாள். சீக்கிரம் என்றேன்.

போன வாரம் தோன் எலிசெயோ வந்தார். நான் உனக்கு எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

"பள்ளிக்கூடத்துல பூட்டு தொங்குதும்மா. ஜன்னல் வழியா பாத்தேன். நாற்காலியெல்லாம் ஒழுங்கா அடுக்கி வெச்சிருக்கு" என்றார்.

அக்கா எங்கே என்று கேட்டேன்.

"பையோட பஸ் ஏறினத பாத்தேன்னு ஒருத்தர் சொல்றாரு. அது டீச்சர் இல்லன்னு இன்னொருத்தர் சொல்றாரு. மத்தவங்க கதவத் திறக்கல."

இன்னொரு முறை போய்க் கேளுங்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். அந்தத் தெருவுக்கு இனிமேல் பார்சல் எடுப்பதில்லை, மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

அதனால் இதைத் தபாலில் போடுகிறேன். பள்ளி முகவரிக்கு ஒன்று, ஹோண்டுராஸில் இருக்கும் சித்தி வீட்டுக்கு ஒன்று, பேராலயத்துப் பாதிரியாருக்கு ஒன்று. மூன்றிலும் எழுதியிருப்பது இதேதான்.

எங்கே இருக்கிறாய் என்று எழுத வேண்டாம். என்ன நடந்தது என்றும் வேண்டாம். கடிதமே வேண்டாம், அக்கா. உன் கையால் என் முகவரியை எழுதி, உள்ளே எதுவும் வைக்காமல், வெறும் உறையை மட்டும் அனுப்பு.

நொஎமி